முன்சக்கரத்தின் நியாயம்

1966ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோவின் சக்கரத்தைப் பார்த்தாலே அதன் வம்சாவளி தெரிந்துவிடும். விளிம்பை ஒட்டி வட்டமாகத் துளைகள், நடுவில் மொழுமொழுவென்று ஒரு மூடி. முப்பது வருடங்களுக்கு முன் இண்டியானா மாநிலத்தில் தயாரான கோர்டு 810இன் சக்கரம் ஞாபகத்துக்கு வரவேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள். முகப்பில் குறுக்காக ஓடும் கம்பிகள், வேண்டாத நேரத்தில் ஒளிந்துகொள்ளும் ஹெட்லைட்டுகள் எல்லாம் அந்த வகைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு கார்களிலும் எஞ்சினின் சக்தி போவது முன்சக்கரங்களுக்கு. 1937இல் கோர்டு நின்றுபோன பிறகு, டொரனாடோ வரும்வரை எந்த அமெரிக்கக் கம்பெனியும் முன்சக்கர இயக்கம் கொண்ட காரை வரிசையாகத் தயாரித்து விற்கவில்லை. ஆகவே இந்த ஒப்பீடு நாம் வலிந்து செய்வதல்ல. டொரனாடோவை உண்டாக்கியவர்களே நம்மைக் கோர்டின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

இந்த இரண்டையும் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது இது: கோர்டு காலத்தை முந்திப் பிறந்த கனவு, பணமும் பொறுமையும் இல்லாமல் செத்தது, ஓல்ட்ஸ்மொபிலின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பணபலத்தால் அந்தக் கனவை டொரனாடோவில் நிறைவேற்றியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு கார்களின் அடிவயிற்றையும் குனிந்து பார்த்தால் கதை நிற்கவில்லை. டொரனாடோ நிறைவேற்றியது வேறு எதையோ.

முதலில் அளவுகோலைத் தீர்மானித்துக்கொள்வோம். பின்சக்கர இயக்கம் உள்ள காரில் எஞ்சின் முன்னால் இருக்கும். அதன் சுழற்சியை ஒரு நீண்ட ஷாஃப்ட் தரைக்கு அடியில் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும். அந்த ஷாஃப்டுக்கு இடம் வேண்டும் என்பதால் ஒன்று மொத்தத் தரையையும் உயர்த்த வேண்டும், அல்லது நடுவில் ஒரு மேடு விட வேண்டும். 1930களின் கார்கள் பெரும்பாலும் முதல் வழியில் போனவை. ஏறி உட்கார வெளியே ஒரு மிதிபலகை, அதன் மேல் சேஸி, அதற்கும் மேல் மனிதர்கள். முன்சக்கர இயக்கத்தில் இந்த ஷாஃப்டே இல்லை. எல்லா இயந்திரமும் பயணிகளுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. தரை எவ்வளவு தாழ வேண்டுமோ அவ்வளவு தாழலாம். பதிலுக்குக் கொடுக்கவேண்டிய விலை பெரிது. திரும்பும் சக்கரமே ஓட்டும் சக்கரமும் ஆவதால் இணைப்புகள் சிக்கலாகும், மூக்குப் பக்கம் கனம் கூடும், முன் டயர்கள் சீக்கிரம் தேயும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒருவர் முன்சக்கர இயக்கத்துக்குப் போனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த விலைக்கு என்ன கிடைத்தது? கிடைத்ததை வேறு வழியில் பெற்றிருக்க முடியாதா?

கோர்டில் கிடைத்தது கண்ணுக்குத் தெரிகிறது. வடிவமைத்தவர் கோர்டன் பியூரிக். 1933இல் அவர் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தபோது அங்கே வடிவமைப்புத் துறைத் தலைவரான ஹார்லி ஏர்ல் தன் வடிவமைப்பாளர்களுக்குள் ஒரு போட்டி வைத்தார். பியூரிக்கின் கார் கடைசி இடத்துக்கு வந்தது. அதில் இருந்த யோசனைகளோடு அவர் டூசன்பர்க் கார் கம்பெனிக்குத் திரும்பினார். சற்று விலை குறைந்த டூசன்பர்காக ஆரம்பித்த வேலை, பிறகு அதன் முதலாளி எரெட் லோபன் கோர்டின் பெயர் தாங்கிய முன்சக்கரக் காராக மாறியது. ஜெனரல் மோட்டார்ஸ் கடைசி இடம் கொடுத்த மனிதரின் காரைத்தான் முப்பது வருடம் கழித்து அதே ஜெனரல் மோட்டார்ஸ் சக்கரம் சக்கரமாகப் பார்த்துப் போற்றியது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கோர்டு 810இல் மிதிபலகை இல்லை. தேவையில்லாததால் இல்லை. ஷாஃப்ட் இல்லாத தரை தாழ்ந்தது. தாழ்ந்த தரைக்கு ஏற மிதிபலகை வேண்டியதில்லை. மிதிபலகை போனதும் மட்கார்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளத் தேவையின்றித் தனித்தனியே நின்றன. மொத்தக் கார் ஐந்தடி உயரத்துக்குள் அடங்கியது. சவப்பெட்டி மூக்கு என்று அமெரிக்கர்கள் செல்லமாகச் சொல்லும் அந்த முன்பகுதியும் அலங்காரத்துக்காக வந்ததல்ல. அதற்கு முந்திய 1929இன் கோர்டு எல்-29இல் எட்டு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நீண்டு கிடந்தன. எஞ்சின் நீளமாக இருந்ததால் கனம் பின்னால் தள்ளிப்போய், ஏற்றத்தில் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்தது. 810இல் லைகமிங் கம்பெனியின் குட்டையான வி-8 வந்தது: 4.7 லிட்டர், 125 குதிரைத்திறன். எஞ்சின் முன்னால் நகர்ந்தது. கியர்பெட்டி அதற்கும் முன்னால், முன் ஆக்சிலைத் தாண்டி நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அந்த நீட்சியின் மேல் போர்த்திய தகடுதான் மூக்கு. வழக்கமான ரேடியேட்டர் முகப்பு போய், மூக்கைச் சுற்றிப் பக்கவாட்டில் ஓடும் காற்றுப் பட்டைகள் வந்தன. ஆக, உள்ளே இருந்த இயந்திரமே வெளித் தோற்றத்தை எழுதியிருக்கிறது. ஒரு வரியை அழித்தால் அதற்குக் கீழே இருக்கும் ஏதோ ஒரு உறுப்பு பதில் சொல்லவேண்டி வரும்.

உள்ளே உட்கார்ந்தவருக்கும் இது புது உலகம். இழைத்து மினுக்கிய உலோகப் பலகையில் விமானத்தைப் போல வரிசையாக மீட்டர்கள். ஸ்டியரிங்கின் வலப்பக்கம், ஒரு சிறு கைப்பிடிமேல், விரல்நுனியால் நகர்த்துகிற குட்டி லீவர். இதுதான் பெண்டிக்ஸ் கம்பெனியின் 'மின்கை'. வேண்டிய கியரை அதில் முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிடலாம். கியர் உடனே மாறாது. கிளட்சை மிதிக்கும்போதுதான் மின்காந்தங்கள் வால்வுகளைத் திறந்து, எஞ்சினின் வெற்றிட உறிஞ்சல் கியரை இழுத்துப் போடும். இதுவும் ஆடம்பரமாகச் சேர்த்ததல்ல. கியர்பெட்டி மூக்கின் நுனியில் இருக்கிறது. அங்கிருந்து ஓட்டுநரின் கைவரை கம்பி போட்டு இழுத்து வருவது பெரும்பாடு. அதைத் தவிர்க்கத்தான் மின்சாரமும் வெற்றிடமும்.

ஹெட்லைட்டுக்கு மட்டும் இந்தப் பாராட்டு பொருந்தாது. கோர்டின் ஆளுகையில் இருந்த ஸ்டின்சன் விமானக் கம்பெனியின் தரையிறங்கு விளக்குகளை எடுத்து மட்கார்டுக்குள் புதைத்தார்கள். யோசனை அழகு. ஆனால் வெளியே எடுக்க டேஷ்போர்டின் இரு கோடியிலும் ஒவ்வொரு கைச்சுழற்றி. இடது விளக்கை ஓட்டுநர் சுழற்றிக்கொள்வார். வலதை யார் சுழற்றுவது? தனியாகப் போகிறவர் பொழுது சாயும்போது வண்டியை ஓரங்கட்டி, பக்கத்து இருக்கையின் மேல் கவிழ்ந்து கையைச் சுற்றவேண்டும்.

அது சிறு குறை. பெருங்குறை வேறு. 1935இன் கோடையில்தான் இந்தக் காருக்குக் கம்பெனியின் முழு ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் நியூயார்க் கண்காட்சி. காட்சிக்கு வைக்கவேண்டுமானால் குறைந்தது நூறு கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. நூறை எப்படியோ கையாலேயே கட்டி முடித்தார்கள். பலவற்றில் கியர்பெட்டியே இல்லை. கூட்டம் முண்டியடித்தது, பின்னால் நின்றவர்கள் பக்கத்துக் கார்களின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள் என்று சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்குள் கார் வரும் என்று வாக்குக் கொடுத்து முன்பணம் வாங்கியாயிற்று. கிறிஸ்துமஸுக்கு வந்தது வெண்கலத்தில் வார்த்த ஒரு பொம்மைக் கார். நிஜக் கார்கள் 1936இல் மாதங்கள் தாமதித்து வந்தபோது மின்கை சில நேரம் கியரைப் போடவில்லை, சில நேரம் போட்ட கியர் தானே கழன்றது. எஞ்சின் சூடேறியது. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றது. விலை 1,995 டாலரிலிருந்து ஆரம்பம். ஒரு ஃபோர்டு வி-8 அறுநூறு டாலருக்குள் கிடைத்த காலம் அது. இரண்டு வருடத்தில் மொத்தம் மூவாயிரம்கூடத் தேறவில்லை. 1937இல் கோர்டு மட்டுமல்ல, அதே முதலாளியின் கீழ் இருந்த ஆபர்ன், டூசன்பர்க் என்று அந்தக் குடும்பமே முடிந்தது.

கோர்டின் ரசிகர்கள் இந்தப் பத்தியைச் சீக்கிரமாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது. ஓடாத கார் சிற்பமாக இருக்கலாம், கார் ஆகாது. பிரான்ஸில் சிட்ரோயன் 1934இல் இதே முன்சக்கர இயக்கத்தோடு இதே மாதிரி அவசரப்பட்டுச் சந்தைக்கு வந்தது; இதே மாதிரிக் கடனில் மூழ்கியது. ஆனால் அங்கே மிஷெலின் கம்பெனி ஏற்றெடுத்துக் குறைகளைத் தீர்த்தது. அந்தக் கார் 1957வரை ஓடியது. முன்சக்கர இயக்கம் அந்தக் காலத்தில் முடியாத காரியம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

டொரனாடோவுக்கு வருவோம். இதன் பிறப்பும் ஒரு படம்தான். 1962இல் டேவிட் நார்த் என்ற ஓல்ட்ஸ்மொபில் வடிவமைப்பாளர் சும்மா ஒரு பயிற்சியாகச் சிவப்புக் கார் ஒன்றை வரைந்தார். மட்கார்டின் வளைவு சக்கரத்தைச் சுற்றிப் புடைத்து எழும்ப, கூரை ஒரே வீச்சில் பின்னால் சரிந்து இறங்கும் அந்த வடிவம் பிறகு அதிகம் சிதையாமல் தொழிற்சாலைக்குப் போனது; இது அபூர்வம். அதே நேரத்தில் ஓல்ட்ஸ்மொபிலின் பொறியாளர்கள், ஜான் பெல்ட்ஸ் முன்னின்று, வேறொரு பக்கம் முன்சக்கர இயக்கத்தை வருடக்கணக்காகச் சோதித்து வந்தார்கள். படமும் இயந்திரமும் தனித்தனியாகப் பிறந்து ஒரு நிர்வாக முடிவில் சந்தித்தன. கோர்டுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையின் வேர் இங்கேயே இருக்கிறது.

ஆனால் அந்தப் பொறியியலுக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். 7 லிட்டர் வி-8, அக்காலக் கணக்கில் 385 குதிரைத்திறன். இத்தனை சக்தியை முன்சக்கரத்துக்கு அனுப்பினால் ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொள்ளும் என்பதே அன்றைய பொதுக் கருத்து. அவர்கள் செய்தது: எஞ்சினை வழக்கம்போல் நீளவாக்கில் வைத்து, தானியங்கி கியர்பெட்டியை இரண்டாகப் பிரித்தார்கள். டார்க் கன்வெர்ட்டர் எஞ்சினுக்குப் பின்னாலேயே இருந்தது. மீதிக் கியர்பெட்டியைத் திருப்பிப் போட்டு எஞ்சினின் பக்கவாட்டில் படுக்கவைத்தார்கள். இரண்டையும் இணைப்பது இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு சங்கிலி. சத்தம் போடாத, பற்கள் கொண்ட சங்கிலி. தொழிற்சாலையிலேயே இழுத்துத் தளர்வை எடுத்துவிடுவதால் இறுக்கித் தருகிற உறுப்பே வேண்டாம். அமெரிக்கக் காரோட்டி மிதித்த மிதியையெல்லாம் அந்தச் சங்கிலி தாங்கியது. கோர்டின் மின்கையோடு இதை ஒப்பிட்டால் டொரனாடோவின் பக்கம் வெட்கமே இல்லாமல் சாய்ந்துவிடலாம். ஹெட்லைட்டையும் இதில் வெற்றிடமே தூக்கி நிறுத்தியது; யாரும் பக்கத்து இருக்கையில் கவிழவேண்டியதில்லை.

முதல் வருடத்தில் 40,000க்கு மேல் விற்றது. 'மோட்டார் டிரெண்ட்' இதழின் அந்த ஆண்டுப் பரிசு இதற்கே. பனி விழும் மிச்சிகனில் முன்சக்கரப் பிடிமானத்தின் அருமை வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். குறை என்றால் பிரேக்: இரண்டு டன் கனம், அதில் பெரும்பங்கு மூக்கில், ஆனால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வேகத்திலிருந்து இரண்டு மூன்று முறை அழுத்தி நிறுத்தினால் சூடேறிப் பிடிப்பு தளரும். 1967இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கேட்டு வாங்கலாம் என்று வந்தது. முதல் வருடமே வந்திருக்கவேண்டியது.

சரி, நம் கேள்விக்கு வருவோம். இத்தனை திறமையும் எதற்குச் செலவானது? டொரனாடோ இரண்டு கதவுக் கார். ஐந்தேகால் மீட்டருக்கு மேல் நீளம். சரியும் கூரை பின்னிருக்கைக்காரரின் தலைக்கு மேல் இறங்குகிறது. கார் தாழ்வானதுதான், ஆனால் 1966இல் பின்சக்கர இயக்கம் உள்ள கார்களே அந்த அளவுக்குத் தாழ்ந்துவிட்டன. மிச்சம் இருந்த லாபம் மேடில்லாத சமத் தரை. நடுவில் உட்காருகிற மூன்றாமவருக்குக் கால் வைக்க இடம். சொகுசுக்காக வாங்கும் இரண்டு கதவுக் காரில் மூன்றாமவர் எத்தனை நாள் உட்காருவார்? பிரிட்டனில் அதற்கு ஏழு வருடம் முன்பே அலெக் இசிகோனிஸ் முன்சக்கர இயக்கத்தை வைத்து மினி என்ற பத்தடி நீளக் காரில் நான்கு பேரை உட்காரவைத்துக் காட்டிவிட்டார். அந்த மினிதான் இந்த ஏற்பாட்டின் இயல்பான திசை. டொரனாடோ அதே கருவியை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தது. முதலில் இதைவிடச் சிறிய உடலில் செய்யும் எண்ணம் இருந்தது. செலவைப் பங்கிட ஜெனரல் மோட்டார்ஸ் அதைப் பெரிய ஈ வரிசை உடலுக்குள் தள்ளியது.

இதை வெறும் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, இந்த இரண்டு கார்களுக்கும் சரித்திரமே ஒரு சோதனை நடத்திப் பார்த்திருக்கிறது. உடலையும் இயக்கத்தையும் பிரித்துத் தனித்தனியே ஓடவிட்ட சோதனை.

டொரனாடோவின் அதே ஈ வரிசை உடல்கூட்டில், அதே 119 அங்குல வீல்பேஸில், அதே வருடம் பியூயிக் ரிவியேரா வந்தது. அதில் பழைய பின்சக்கர இயக்கம், நடுவில் ஷாஃப்ட். அழகில் குறைவா? இல்லை. சிலர் ரிவியேராவே மேல் என்பார்கள். விற்பனையிலும் அது சளைக்கவில்லை. முன்சக்கர இயக்கத்தை எடுத்துவிட்டும் அந்தக் காருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், டொரனாடோவில் அது எதற்காக இருந்தது? மறுபக்கம், டொரனாடோவின் எஞ்சின் கியர்பெட்டித் தொகுதியை மட்டும் எடுத்து 1973இல் ஜிஎம்சி ஒரு வீட்டுவண்டி செய்தது. படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு குடும்பம் ஊர்சுற்றும் வண்டி. பின்னால் ஷாஃப்ட் இல்லாததால் தரை தெருவை ஒட்டித் தாழ்ந்தது. பின்சக்கரங்கள் சிறியவையாய் இரண்டிரண்டாக, காற்றுப்பைகளின் மேல் நின்றன. வெளி உயரம் கூடாமலே உள்ளே நிமிர்ந்து நடக்க முடிந்தது. 1978வரை தயாரான அந்த வண்டியை இன்றும் பேணி ஓட்டுகிறவர்கள் உண்டு. டொரனாடோவின் இயந்திரம் தனக்குப் பொருத்தமான உடலைக் கண்டது அங்கேதான்.

கோர்டுக்கும் இதே சோதனை நடந்தது. கம்பெனி மூடியபின் அதன் அச்சுகளை வாங்கி ஹப் கம்பெனி ஸ்கைலார்க் என்றும், கிரஹாம் கம்பெனி ஹாலிவுட் என்றும் கார் செய்தன. கதவும் கூரையும் கோர்டு. தரைக்கு அடியில் பின்சக்கர ஷாஃப்ட். கியர்பெட்டி மூக்கிலிருந்து போனதால் சவப்பெட்டி மூக்குக்குக் காரணம் போயிற்று. ஜான் யார்டா என்ற நல்ல வடிவமைப்பாளரைக் கொண்டு வேறு முகம் வைத்தார்கள், ஹெட்லைட்டும் வெளியே வந்தது. ஒரு கெட்டிக்காரர் செய்த பார்க்கத்தக்க கார், அவ்வளவுதான். கோர்டின் கூரை பெரிய பிரஸ் வாங்க வசதியில்லாமல் பல துண்டுகளாக அடித்துப் பற்றவைத்துக் கையால் இழைத்தது. அந்தச் செலவும் கூடவே வந்து சேர்ந்தது. 1940ஆம் வருடத்தோடு ஹப், கிரஹாம் இரண்டும் கார் தொழிலையே விட்டன. கோர்டின் உடல் அதன் முன்சக்கரங்களை விட்டுப் பிழைக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. வடிவத்துக்கும் இயக்கத்துக்கும் உள்ள பொருத்தம் விமர்சகனின் கவலை; 1,995 டாலர் கொடுத்து வழியில் நின்றவரின் கவலை வேறு. காரைப் பயன்பாட்டுப் பொருளாக எடைபோட்டால் தீர்ப்பு எழுத ஒரு நிமிடம் போதும்: டொரனாடோ. நான் அதை மறுக்கவில்லை. 1936இல் கோர்டு வாங்கட்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு வருடம் பொறுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கோர்டின் குறைகள் எந்த வகையானவை என்று பார்க்கவேண்டும். சூடேறுவதும் பெட்ரோல் ஆவியாவதும் கியர் கழலுவதும் அவகாசம் கொடுத்தால் தீருகிற கோளாறுகள். 1937க்குள்ளேயே பல தீர்ந்தன. அந்தக் கார்களை இன்று ஓட்டுகிறவர்கள் மீதியையும் தீர்த்துக்கொண்டுவிட்டார்கள். டொரனாடோவின் குறை அப்படிப்பட்டதல்ல. டிஸ்க் பிரேக் போடலாம், டயர் மாற்றலாம். இந்தக் காருக்கு முன்சக்கர இயக்கம் ஏன் என்ற கேள்விக்கு எந்த உதிரிபாகக் கடையிலும் விடை கிடைக்காது. ஜெனரல் மோட்டார்ஸுக்கே அந்த விடை தெரியவில்லை என்பதற்கு 1971இன் டொரனாடோ சாட்சி. மட்கார்டின் புடைப்பும் கூரையின் வீச்சும் போய், காடிலாக் எல்டொராடோவின் சாயலில் ஒரு கட்டையான பெட்டி வந்தது. முன்சக்கர இயக்கம் மட்டும் உள்ளே அப்படியே இருந்தது. வாங்கினவர்கள் கவனித்தார்களா என்பது சந்தேகம்.

1951இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைத் தேர்ந்து கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தபோது ஒரு கோர்டு 812 (810இன் 1937ஆம் வருட வடிவம்) அதில் இருந்தது. அந்த அங்கீகாரத்தை நான் இங்கே சாட்சிக்கு அழைக்கவில்லை. அழகுக்காக மட்டும் என்றால் 1966 டொரனாடோவையும் அந்தக் கூடத்தில் கூச்சமின்றி நிறுத்தலாம். என் தீர்ப்பு கோர்டுக்கு என்றால், அதில் இயந்திரம் கேட்டதை உடல் கொடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக.

அதிலும் 1936இன் 810க்குத்தான். 812இன் சூப்பர்சார்ஜர் வண்டிகளில் பானட்டின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு பளபளக்கும் புகைக்குழாய்கள் வெளியே வந்தன. ஏலங்களில் அவற்றுக்கே விலை அதிகம், கையை நீட்டுகிறவர்களும் அதிகம். குதிரைத்திறன் 170ஆக உயர்ந்தது உண்மை. ஆனால் மூக்கைச் சுற்றி இடைவெளியின்றி ஓடிக்கொண்டிருந்த அந்தக் காற்றுப் பட்டைகளை வெட்டி நடுவில் குழாய் இறக்கியதற்கு வேறு எதை ஒப்புக்கொண்டாலும் அழகை ஒப்புக்கொள்ள முடியவில்லை. குழாய் இல்லாத, நான்கு கதவுள்ள, சாதாரண வெஸ்ட்செஸ்டர் செடான் போதும்.